கடைசி ஐந்து பூஜ்யங்கள்

கேள்வி: 123456789இன் இலக்கங்களை இடம் மாற்றினால் எப்போதாவது பகா எண் கிடைக்குமா?

கிடைக்காது. எப்படிக் கலைத்தாலும் இலக்கக் கூடுதல் 45. 9ஆல் வகுபட்டுவிடும்.

கேள்வி: என்னிடம் உள்ள ஒன்பது இலக்க எண் 2, 3, 5, 7, 11 எதனாலும் வகுபடவில்லை. பகா எண்தானே?

எண்ணையே எழுதாமல் தீர்ப்புக் கேட்கிறீர்கள். வர்க்கமூலம் வரை, அதாவது 31,600 வரைகூடப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குள் சுமார் 3,400 பகா எண்கள். நீங்கள் பார்த்தது ஐந்து. 4294967297 பகா எண் என்று கணித மேதை ஃபெர்மாவே நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் அதை 641ஆல் வகுத்துக் காட்டினார்.

கேள்வி: விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) 2இன் 64ஆம் அடுக்கைப் போட்டேன், 18446744073709600000 வந்தது. அப்படியானால் இது ஒரு லட்சத்தால் வகுபடும், சரியா?

தப்பு. இந்த ரகக் கடிதங்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். வெறும் 2களைப் பெருக்கியிருக்கிறீர்கள். அதற்குள் 5 எங்கிருந்து வந்தது? 5 இல்லாமல் கடைசியில் பூஜ்யம் வராது. அந்த ஒரு நொடி யோசனைகூட இல்லாமல் திரையை நம்பிவிடுகிறீர்கள்.

சரியான விடை 18446744073709551616. விரிதாள் 15 இலக்கங்களைத்தான் காட்டும், மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். உங்கள் எண்ணில் சுமார் 48,000 கூடுதல். எடை, தூரம் அளப்பவருக்கு அது தூசு. வகுபடுமா, பகா எண்ணா என்று கேட்பவருக்கு 1 பிசகினாலே எல்லாம் போச்சு. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் 9007199254740992உடன் 1 கூட்டிப் பாருங்கள், அதே எண் திரும்பி வரும். பைத்தான் நிரல்மொழியின் முழு எண்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் விரிதாளில் ஏற்கெனவே தொலைந்த இலக்கத்தை எதுவும் மீட்டுத் தராது. முன்பொருவர் 20 இலக்கப் பகா எண் கண்டுபிடித்ததாக எழுதினார். அதற்கும் கடைசியில் ஐந்து பூஜ்யங்கள்!

கேள்வி: 1 முதல் 100 வரை பெருக்கினால் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள்?

24. 5இன் மடங்குகள் 20. அப்புறம் 25, 50, 75, 100 தலா ஒரு 5 கூடுதலாகத் தரும். இவை நிஜப் பூஜ்யங்கள். தயவுசெய்து விரிதாளில் சரிபார்க்காதீர்கள்.

கேள்வி: லட்சம் கோடிக்கு எத்தனை காரணிகள்?

169. 2, 5 இரண்டும் 12 முறை வருகின்றன. ஒரு காரணியில் ஒவ்வொன்றும் 0 முதல் 12 முறை வரை வரலாம், அதாவது 13 வழிகள். 13ஐ 13ஆல் பெருக்குங்கள்.

கேள்வி: மிகப் பெரிய பகா எண் எது?

அப்படி ஒன்று கிடையாது. யூக்ளிட் காலத்திலேயே முடிந்த விஷயம். கண்டறிந்தவற்றில் பெரியது எது என்று கேளுங்கள். 2024இல் அந்த இடத்துக்கு வந்தது, 2இன் 136279841ஆம் அடுக்கில் 1 குறைவு. சுமார் 4.1 கோடி இலக்கங்கள். மதிப்பு அல்ல, இலக்கங்கள்.

கேள்வி: இத்துடன் உள்ள 30 இலக்க எண் 11ஆல் வகுபடுமா?

ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டி, இரு கூடுதல்களின் வித்தியாசம் 11ஆல் வகுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்கத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் அனுப்பியதில் 29 இலக்கங்களே இருக்கின்றன. எண்ணிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.