பலாச் சக்கை போட்டுக் கரடியை வரவழைக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு காட்டேஜில் அடிக்கடி தங்குகிறேன். சாயங்காலமானால் பின்பக்கம் கரடி வருகிறது, சில நாள் குட்டியோடும் வருகிறது. பலாச் சக்கை போட்டு வைத்தால் 15 அடியில் வந்து நிற்கும், ஃபிளாஷ் அடிக்காமல் எடுத்தால் அதற்கு ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார் காட்டேஜ்காரர். என்னிடம் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் கேமராவும் 70-300 லென்ஸும் இருக்கின்றன. எவ்வளவு கிட்டே போகலாம்? இப்படி எடுப்பது தப்பா?

பதில்: சக்கையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். போடாதீர்கள். அவர் போட்டு வைத்தாலும் அந்த இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள்.

நீங்கள் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். கரடி அங்கேயேதான் இருக்கும். மனித வாடை அடிக்கிற இடத்தில் சாப்பாடு கிடைக்கும் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அதை லேசில் மறக்காது. கண் பார்வை அதற்குச் சுமார்தான், ஆனால் மோப்பம் அபாரம். இன்றைக்கு உங்கள் கொல்லைப்புறம் என்றால், அடுத்து தொழிலாளர் குடியிருப்பில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறைக் கதவு. நீலகிரியில் எண்ணெய்க்காகக் கோயிலுக்குள்ளும் கடைக்குள்ளும் கரடி புகுந்த சேதியை நீங்களே படித்திருப்பீர்கள். அதன் பிறகு ஊர்க்காரர்கள் புகார் கொடுப்பார்கள், கூண்டு வைப்பார்கள், பிடித்துக்கொண்டுபோய் எங்கோ ஒரு காட்டில் விடுவார்கள். அந்தக் காட்டில் எங்கே தண்ணீர், எங்கே அது தின்னும் கரையான் புற்று என்று அதற்கு ஒன்றும் தெரியாது. நல்ல படம் ஒன்றுக்கு இவ்வளவு விலையா என்றால், அந்த விலையைக் கொடுப்பது நீங்களும் இல்லை, காட்டேஜ்காரரும் இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு கரடி. ‘வேட்டை’ என்பதற்கு அந்தச் சட்டம் சொல்லும் விளக்கத்தில் கொல்வது, பிடிப்பது மட்டுமல்ல, தீனி காட்டி வரவழைப்பதும் வருகிறது. கையில் இருப்பது கேமராதானே என்று சொல்லித் தப்பிக்க முடியும் என்று நம்பிப் போகாதீர்கள்.

தீனிக்கும் கேமராவுக்கும் உள்ள தொடர்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, உலகம் முழுக்க மதிக்கப்பட்ட ஒரு புகைப்படக்காரரின் முடிவே சாட்சி. ஜப்பானைச் சேர்ந்த மிச்சியோ ஹோஷினோ அலாஸ்காவில் பல ஆண்டுகள் கரடிகளைப் படமெடுத்தவர், அவற்றின் மேல் பெரிய மரியாதை வைத்திருந்தவர். 1996 ஆகஸ்டில் ரஷ்யாவின் கம்சாட்காவில், குரீல் ஏரிக்கரையில் கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பழுப்புக் கரடி அவரை இழுத்துக்கொண்டு போய்க் கொன்றது. அவர் அதற்குத் தீனி போட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் வேறு மனிதர்கள் போட்டுப் பழக்கியிருந்தார்கள். பிறகு அந்தக் கரடியையும் கொன்றார்கள்.

சரி, எவ்வளவு கிட்டே போகலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் எல்லோஸ்டோன் பூங்காவில் கரடியிலிருந்து 91 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அலாஸ்காவின் கட்மாய் பூங்காவில் 46 மீட்டர். கட்மாயில் ஆற்று மீன் நிறையக் கிடைப்பதால் அங்கே கரடிகள் ஒன்றையொன்று சகித்துக்கொள்கின்றன, மனிதரையும் ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன. அந்த அளவை அப்படியே கோத்தகிரிக்குக் கொண்டுவரக் கூடாது. நம் கரடியின் சுபாவம் வேறு. காலங்காலமாகப் புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து வந்த விலங்கு இது. திடுக்கிட்டால் ஓடுவதைவிடத் திருப்பித் தாக்குவதுதான் அதற்குக் கைவந்த வழி, அதுவும் முகத்தைப் பார்த்து. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓடக்கூடியது. உங்கள் 15 அடியைத் தாண்ட அதற்கு அரை நொடி போதும்.

இங்கே புகைப்படக்காரர்கள் எல்லாரும் செய்யும் ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். மானை எடுக்கப் போகிறவர் காற்றுக்கு எதிராக, சத்தமில்லாமல், புதர் மறைவில் நகர்ந்து போவார். கரடியிடம் அதுதான் மிக மோசமான வழி. புற்றைத் தோண்டிக் கரையானை உறிஞ்சும்போது கரடி போடும் சத்தம் வெகுதூரம் கேட்கும். மேல்வரிசையில் நடுவில் இரண்டு பற்கள் இல்லாத இடைவெளி வழியாக, மூக்குத் துளையை மூடிக்கொண்டு ‘புர்ர்’ என்று இழுக்கும். அந்தச் சத்தத்தில் நீங்கள் வருவது அதன் காதில் விழாது. தலையைத் தூக்கும்போது நீங்கள் பத்தடியில் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கரடி மனிதரைத் தாக்கிய சம்பவங்களில் பெரும்பாலானவை இப்படித் திடீரென்று எதிர்ப்பட்டதால் நடந்தவைதான். அதனால் உண்ணிச்செடிப் புதர் அடர்ந்த பாதையில் பேசிக்கொண்டே நடங்கள். கரடியைத் தேடிப் போகாதீர்கள், நடந்தே போய்ப் படமெடுக்கவும் வேண்டாம்.

உங்கள் காட்டேஜில் மாடி ஜன்னலோ மூடிய வராந்தாவோ இருக்கும். இல்லாவிட்டால் கார் இருக்கிறது. அங்கிருந்து 50 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் போதும். படம் சின்னதாக வருமே என்ற கவலை வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உங்கள் கேமராவில் 300 மி.மீ. வைத்து 50 மீட்டரில் எடுத்தால் ஃபிரேமின் அகலம் கிட்டத்தட்ட 4 மீட்டர். ஒன்றரை மீட்டர் நீளக் கரடி பக்கவாட்டில் நின்றால் படத்தில் ஐந்தில் இரண்டு பங்கை நிறைக்கும். கரடி மட்டுமே 2300 பிக்சல் நீளத்துக்கு வரும். சுவரில் மாட்ட அது தாராளம். சுற்றிலும் தேயிலையும் பனியும் பாறையும் சேர்ந்து வரும். எனக்கு அந்த மாதிரிப் படம்தான் பிடிக்கும், ஏனென்றால் கரடி எங்கே வாழ்கிறது என்பதும் அதில் இருக்கிறது.

மீட்டர் கணக்கைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. நீங்கள் வருவதற்கு முன் கரடி என்ன செய்துகொண்டிருந்ததோ, அதையே தொடர்ந்து செய்கிறதா? தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டால், பின்னங்காலில் எழுந்து மோப்பம் பிடித்தால், ‘ஹஃப்’ என்று மூச்சை விட்டால், நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். எழுந்து நின்றாலே பாயப் போகிறது என்று பயப்பட வேண்டாம், யார் என்று பார்க்கிறது. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆரம்ப வருடங்களில் ஒருமுறை இந்த அடையாளம் தெரிந்தும் இன்னும் நான்கு அடி முன்னால் போனேன். பாதி தோண்டிய புற்றை அப்படியே விட்டுவிட்டுக் கரடி போய்விட்டது. வறண்ட கோடைக்காலம், நெடுநேரம் தோண்டிய புற்று அது. எனக்குக் கிடைத்தது அதன் முதுகுப் படம். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குட்டியோடு வரும் நாளில் வெளியே காலே வைக்காதீர்கள். தாய் முதுகில் குட்டி சவாரி செய்யும் காட்சியைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும், எனக்கும்தான். ஜன்னலிலிருந்து கிடைத்தால் எடுங்கள். கதவைத் திறந்து வெளியே வந்தால் தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் போய் நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது. அடிபட்ட கரடியானாலும் அப்படித்தான். 2018 மே மாதம் ஒடிசாவின் நபரங்பூர் மாவட்டத்தில் காயம்பட்ட கரடியோடு செல்ஃபி எடுக்கப் போன ஒருவர் அங்கேயே இறந்துபோனார்.

கர்நாடகத்தில் ஹம்பிக்குப் பக்கத்தில் தரோஜி சரணாலயம் இருக்கிறது. 1994-இல் கரடிகளுக்காகவே அமைத்தது. அங்கே பாறையில் வெல்லப் பாகு தடவித்தானே கரடியை வரவழைக்கிறார்கள் என்று காட்டேஜ்காரர் கேட்கலாம். எனக்கும் அந்த முறை முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அங்கே வனத்துறை ஆள் அந்தப் பாகை ஊரைவிட்டுத் தள்ளி வைக்கிறார், பார்க்கிறவர்கள் தூரத்துக் கோபுரத்தில் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் சக்கை போடுவதற்கு அது சமாதானம் ஆகாது. காட்டேஜ்காரரிடம் நீங்களே பேசிப் பாருங்கள். குப்பைத்தொட்டிக்குக் கனமான மூடி போடச் சொல்லுங்கள், சாப்பாட்டு மிச்சத்தை ராத்திரி வெளியே வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். படத்தைப் பகிரும்போது காட்டேஜ் பெயரையும் இடத்தையும் போடாதீர்கள், போட்டால் அடுத்த வாரமே இன்னும் பத்துப் பேர் சக்கையோடு வந்து நிற்பார்கள்.

அப்புறம் ஒரு தொழில்நுட்ப விஷயம். கரடியின் கறுப்பு ரோமம் கேமராவின் ஒளி அளவீட்டை ஏமாற்றிவிடும், படம் வெளுத்து வரும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். சாயங்கால வெளிச்சத்துக்கு, கேமராவின் ஒளி உணர்திறனைக் கூட்டும் ஐஎஸ்ஓ அமைப்பில் 3200 வரை தைரியமாகப் போங்கள். ஃபோகஸை வெளிறிய மூக்குப் பகுதியில் வைத்தால் கண்ணும் தெளிவாக வரும்.