கொழும்பு காலி வீதியில் சைக்கிளுக்கு என்ன உரிமை?

வெள்ளவத்தையில் சைக்கிளில் போகும்போது பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடித்து ஓரத்துக்குத் தள்ளுகிறது, சட்டப்படி யார் விலக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஹோர்ன் அடித்ததற்காக நீங்கள் வீதியை விட்டு இறங்கத் தேவையில்லை. சைக்கிளும் வாகனம்தான், சாரதி அனுமதிப்பத்திரம் கேட்காத வாகனம். இடப்பக்கமாகப் போக வேண்டியது உங்கள் கடமை. முந்துகிறவர் உங்களுக்கு வலப்பக்கமாக, போதிய இடம் விட்டு, எதிரே வழி தெளிவாக இருந்தால் மட்டுமே முந்த வேண்டும். இடமில்லையா, பின்னால் பொறுத்து வரட்டும்.

இடப்பக்கம் என்றால் கானோடு ஒட்டிப் போவதல்ல. காலி வீதிக் கடைகளின் முன்னால் நிற்கும் கார்களைக் கவனியுங்கள். ஆள் இருக்கும் காரின் கதவு எந்த நேரமும் திறக்கலாம், அந்தக் கதவகலத்துக்கு விலகியே ஓட்டுங்கள். பஸ் உங்களை முந்தியதும் ஹோல்ட்டுக்காக இடப்பக்கம் வெட்டும். அந்த இடுக்கில் மட்டும் நுழையாதீர்கள். சாரதிக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

அதேபோல சிவப்பு விளக்கும் ஒருவழிப் பாதையும் சைக்கிளுக்கும் பொருந்தும். எதிர்த்திசையில் வருவதை நம் ஆட்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. ஒழுங்கையிலிருந்து திரும்பும் ஆட்டோக்காரர் அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

அப்புறம், இருட்டினால் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு. மழை நாளில் பகலிலும் போடுங்கள்.