காரில் கருப்பு ஃபிலிம் ஒட்டினால் இரவில் பார்வை குறையுமா?

வெயிலுக்காகக் காரின் எல்லாக் கண்ணாடிகளிலும் 50 சதவீத சன் ஃபிலிம் ஒட்டலாமா, பகலில் கடையில் பார்த்தபோது வெளியே எல்லாம் தெளிவாகத் தெரிந்ததே, இரவில் மட்டும் எப்படிக் குறையும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாகக் குறையும். கடை வாசலில் பட்டப்பகலில் பார்ப்பதை வைத்து அதைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

பாளையங்கோட்டையில் என் அப்பா ஓட்டிய பழைய காரில், நாங்கள் வாங்கும்போதே பக்கக் கண்ணாடிகளிலும் பின் கண்ணாடியிலும் அடர்ந்த கருப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. அப்போது அப்பாவுக்கு வயது 64. பொழுது சாய்ந்தபின் வண்டி எடுக்கவே தயங்கத் தொடங்கினார். கண்புரை என்று நினைத்து மருத்துவரிடம் அழைத்துப் போனோம். வயதுக்கு ஏற்ற மாற்றம்தான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். அடுத்த சில நாட்களில், ஒரு மாலை ஆறே முக்கால் மணி இருக்கும், அப்பா வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தபோது டிக்கியில் யாரோ படபடவென்று தட்டும் சத்தம் கேட்டுப் பிரேக்கை மிதித்தார். எதிர்வீட்டு ஆச்சி தண்ணீர்க் குடத்தோடு வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தார். ஆச்சி கட்டியிருந்தது கருநீலச் சேலை. அப்பா பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பார்த்தும் ஆச்சி தெரியவில்லை. அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் இந்த விஷயத்தை நான் முழுமையாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள். ஃபிலிமின் மேல் 50 என்று போட்டிருந்தால், அதன் மீது விழும் ஒளியில் பாதியை அது உள்ளே விடுகிறது என்று பொருள். ஆனால் அது ஒட்டப்படும் கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்தே இளம்பச்சைச் சாயத்தோடு வரும் கார்க் கண்ணாடி 75 சதவீத ஒளியை விடுவதாக வைத்துக்கொண்டால், அதன் மேல் 50 சதவீத ஃபிலிம் ஒட்டியபின் உங்கள் கண்ணுக்கு வந்து சேர்வது 37.5 சதவீதம்தான். இரண்டையும் பெருக்கித்தான் கணக்கிட வேண்டும். கடைக்காரர் சொல்லும் எண் ஃபிலிமுக்கு மட்டும் உரியது. சாலையைப் பார்க்கும்போது உங்களுக்குக் கிடைப்பது பெருக்கி வந்த எண்.

உச்சிவெயிலில் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு இருக்கும். அதில் 37 சதவீதம் வந்தாலும் 37,000 லக்ஸ். கண்ணுக்கு அதுவே தாராளம் என்பதால் வித்தியாசம் உறைப்பதில்லை. தெருவிளக்குக்கு நேர் கீழே 10 அல்லது 20 லக்ஸ் இருக்கும், இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே அதைவிடப் பல மடங்கு குறைவாக இருக்கும். அந்த இடத்தில் பாதிக்கு மேல் பறிபோவது என்பது, ஏற்கனவே கையில் சில்லறை மட்டும் வைத்திருப்பவரிடம் அதிலும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது போன்றது.

இதற்கு என் தம்பி ஒரு நியாயமான மறுப்பைச் சொன்னான். ஆளையும் பின்னணியையும் ஃபிலிம் ஒரே விகிதத்தில்தானே மங்கலாக்குகிறது, அப்படியானால் இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மாறாமல் இருக்க வேண்டுமே என்று கேட்டான். விகிதம் மாறுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் வெளிச்சம் குறையக் குறைய, ஒரு பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்தறியக் கண்ணுக்குத் தேவைப்படும் வேறுபாடு கூடிக்கொண்டே போகிறது. பகலில் வெளிர்சாம்பலுக்கும் அடர்சாம்பலுக்கும் இடையே பல படிகளைக் காணும் கண், இரவில் அவற்றில் பலவற்றை ஒரே கருப்பாகத்தான் காணும். எதிரே வரும் வண்டியின் விளக்கு அப்போதும் தெரியும், வெள்ளை வேட்டி கட்டியவர் தெரிவார். கருநீலச் சேலை, எருமை மாடு, பின்விளக்கு இல்லாத சைக்கிள் ஆகியவைதான் முதலில் மறைகின்றன. நாம் பார்க்கத் தவறக்கூடாதவையும் அவைதான்.

வயது இதைக் கடுமையாக்குகிறது. இளமையில் இருட்டில் நன்றாக விரியும் கண்பாப்பா வயதானபின் அந்த அளவுக்கு விரிவதில்லை, கண்ணின் வில்லையும் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. இவ்விரண்டாலும், 20 வயதினரின் விழித்திரைக்குச் செல்லும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதினரின் விழித்திரைக்குச் செல்கிறது. ஆகவே ஒட்டக் கொடுப்பதற்கு முன், அந்த வண்டியை வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள் என்று யோசியுங்கள். உங்கள் கண்ணுக்குப் போதுமானது உங்கள் அப்பாவுக்குப் போதாமல் இருக்கலாம்.

எதிர்வண்டியின் ஹைபீம் கூசாமல் இருக்க ஃபிலிம் உதவும் என்று சொல்பவர்கள் உண்டு. கூசும் ஒளியோடு சேர்த்துப் பக்கத்தில் உள்ள இருளையும் அது மேலும் இருட்டாக்குவதால் பலன் ஒன்றும் இல்லை. முன் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் வைப்பர் கீறல்களும்தான் ஒளியைச் சிதறவிட்டுக் கூச்சத்தைப் பெருக்குகின்றன. உட்புறத்தையும் துடைத்து, தேய்ந்த வைப்பர் ரப்பரை மாற்றுவது எத்தனையோ மேல்.

உங்கள் நோக்கம் வெயில்தான் என்பதை மறக்கவில்லை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது நியாயமான கவலை. ஆனால் கருமை வேறு, வெப்பத் தடுப்பு வேறு. சூரியனிலிருந்து வரும் ஆற்றலில் ஏறத்தாழ பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். மலிவான சாய ஃபிலிம் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத்தான் அதிகம் விழுங்குகிறது, விழுங்கியதில் ஒரு பகுதியைச் சூடாக உள்ளேயே விடுகிறது, சில வருடங்களில் ஊதா நிறமாகிக் குமிழ் குமிழாக எழும்பி நிற்கிறது. பீங்கான் துகள் கலந்த ஃபிலிம் பார்வைக்கு வெளிர்நிறமாக இருந்தும் அகச்சிவப்பைக் கணிசமாகத் தடுக்கும். விலை கூடுதல்; கொடுக்கத் தகுந்த விலை என்பது என் கருத்து.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் மேலே ஒட்டும் ஃபிலிமையே தடை செய்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட விதிப்படி அந்த அளவுகளுக்கு உட்பட்ட ஃபிலிமுக்கு அபராதம் விதிக்க முடியாது என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அளவுகள் மட்டும் மாறவே இல்லை. முன்பு போட்ட கணக்கை இங்கே வைத்துப் பாருங்கள்: 75 சதவீதக் கண்ணாடியில் நீங்கள் கேட்ட 50 சதவீத ஃபிலிம் பக்கக் கண்ணாடிக்கே வரம்பு மீறல், அங்கே 67 சதவீதத்துக்குக் குறையாத ஃபிலிம் வேண்டும். முன், பின் கண்ணாடிகளுக்கு 93 சதவீதத்துக்கு மேல் ஒளி விடும் ஃபிலிம் வேண்டியிருக்கும் என்பதால், அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவதே சரி.

நாங்கள் எல்லா ஃபிலிமையும் உரித்துவிட்டு, பக்கக் கண்ணாடிகளில் மட்டும் 70 சதவீதப் பீங்கான் ஃபிலிம் ஒட்டினோம். ஒட்டுவதற்கு முன் ஒரு சிறிய துண்டை வாங்கி வந்து, இரவு ஏழரை மணிக்கு, விளக்குக் கம்பத்திலிருந்து தள்ளி வண்டியை நிறுத்தி, பக்கக் கண்ணாடியில் பாதியை மட்டும் அதனால் மூடினேன். அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தெருவின் எதிர்ப்புறச் சுவரோரம் கருப்புக் குடையோடு நின்ற என்னை ஃபிலிம் வழியாகவும் அது இல்லாத பாதி வழியாகவும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். நீங்களும் பணம் கொடுப்பதற்கு முன் கடைக்காரரிடம் ஒரு மாதிரித் துண்டு கேளுங்கள். இருட்டியபின் இதே போல வைத்துப் பாருங்கள்.