என் எலக்ட்ரானிக் பாட்டைப் பாராட்டுகிறார்கள், ஒருவரும் ஆடுவதில்லை. ஏன்?

கிக்கில், அதாவது 'டும்' என்று விழும் அடிமேள ஒலியில், கணக்குக் காட்டுகிறீர்கள் போல. நானும் கிளிநொச்சியில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கிக்கையே 7 எண்ணிக்கைச் சுழற்சியில் போட்டேன். பொடியள் கதிரை தேடி இருந்துவிட்டார்கள்.

ஆடும் காலுக்கு அடுத்த அடி எப்போது விழும் என்று தெரிந்தால் போதும். நிமிடத்துக்கு 120–130 அடியில் கிக் 4 ஸ்டெப்புக்கு (ஒரு ஸ்டெப் என்றால் ஒரு அடியின் காற்பங்கு) ஒருமுறை சீராக விழட்டும். மேலே சின்த் (மின்னணு இசைக்கருவி) மெட்டு 7 ஸ்டெப் சுழற்சியில் ஓடட்டும். 28 ஸ்டெப்புக்கு ஒருமுறை இரண்டும் சேரும், சிலிர்ப்பு அங்கேதான். வன்னிக் கோயில் திருவிழாவில் தவிலைப் பாருங்கள்: வித்துவான் எவ்வளவு கணக்குப் போட்டாலும் பக்கத்தில் தாளம் போடுபவர் அசையமாட்டார்.

ஜேர்மனியின் க்ராஃப்ட்வெர்க் இசைக்குழு 1977இல் வெளியிட்ட மெட்டை 1982இல் நியூயோர்க்கின் டிஜே ஆபிரிக்கா பம்பாட்டா 808 மேள இயந்திரத்தின் மேல் வைத்தார். மெட்டு அதேதான், ஆனால் தெருவே ஆடியது.