அசோகமித்திரனோட ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ரொம்ப மெதுவா போகுதே, முழுசா படிக்கணுமா?

நாப்பது பக்கம் தாண்டியும் ஒண்ணுமே நடக்கலன்னு கேட்டிருக்கீங்க. காலேஜ்ல படிக்கறப்போ நானும் கிட்டத்தட்ட அங்க தான் விட்டேன், அப்புறம் பதினஞ்சு வருஷம் கழிச்சு தான் திரும்ப எடுத்தேன். முழுசா படிங்கன்னு தான் சொல்வேன், ஆனா ஒரே மூச்சுல வேணாம்.

எனக்கு காட்பாடி, தினமும் ஏலகிரி எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் வேலைக்கு போயிட்டு வர்றேன், ட்ரெயின்ல போறப்போ பத்து பக்கம் வர்றப்போ பத்து பக்கம்னு படிச்சேன். கதையோட ஹீரோ சந்திரசேகரன் சைக்கிள் மிதிக்கிறான், கிரிக்கெட் ஆடறான், காலேஜ் போறான், அப்பாவுக்கு ரயில்வேல வேலை, வீடு சிகந்திராபாத் லான்சர் பாரக்ஸ்ல. ஆனா வருஷம் 1947, 48. மத்த ஊர்லல்லாம் சுதந்திரம் வந்தாச்சு, இங்க ஹைதராபாத் சமஸ்தானத்துல இன்னும் நிஜாம் ஆட்சி, அவருக்காக ஆயுதம் எடுத்த ரஜாக்கருங்க, அகதிங்க கூட்டம், இதெல்லாம் அந்தப் பையன் கண்ணுல ஓரமா பட்டுக்கிட்டே இருக்கு, அவன் இன்னாடா இதுன்னு நின்னு யோசிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடுது. 1948 செப்டம்பர்ல இந்திய ராணுவம் நுழைஞ்சு அஞ்சு நாள்ல நிஜாம் சரணடைஞ்சதை நாம ஸ்கூல்ல ஒரு வரியில படிச்சிருப்போம். இந்த புக்ல அது வர்றப்போ அந்தத் தெருவெல்லாம் நமக்கு பழகின தெருவா ஆயிருக்கும், அதுக்கு தான் அவ்ளோ பக்கம் வேணும்னு எனக்கு தோணுது. சில இடத்துல ‘நான்’னு வரும், சில இடத்துல ‘சந்திரசேகரன்’னு வரும், அதைப் பார்த்து குழம்பாதீங்க, அந்த வயசுல நாமளே நம்மள தள்ளி நின்னு பார்த்துக்குவோம் இல்ல, எனக்கு அப்படி தான் பட்டுச்சு.

ஜோலார்பேட்டைல ரிட்டையர் ஆன ரயில்வே மாமா ஒருத்தர், கதை புக்கே தொடாதவரு, ரெண்டே நாள்ல முடிச்சுட்டு “எங்க குவார்ட்டர்ஸ் தான்டா இது”ன்னாரு. ஆபீஸ்ல ஒரு தம்பிக்கு சுத்தமா பிடிக்கல, கிரிக்கெட் ஜாஸ்தி, யார் யாரோ பேர் வருதுன்னான். அதுவும் நியாயம் தான், எனக்கும் நடுவுல கொஞ்சம் தொய்வா தான் இருந்துச்சு.

ஆனா என்னை பிடிச்சு இழுத்தது அந்த கிரிக்கெட் தான். தண்ணி இல்லாத பாலாத்து மணல்ல ஆடி வளர்ந்தவன் நான், டீம்ல பாதி பேர் வீட்ல உருது பேசற பசங்க, ரன் எண்றது கூட ஏக், தோ, தீன் தான். 1992 டிசம்பர்ல, பாபர் மசூதியை இடிச்சப்போ, எனக்கு பத்து வயசு, ஒரு வாரம் வெளிய விடல. திரும்ப போனப்போ யாரும் எதுவும் பேசிக்கல, ஆனா அன்னிக்கு டீம் பிரிச்சப்போ அவங்க ஒரு பக்கம் நாங்க ஒரு பக்கம்னு நின்னோம். யாரும் சொல்லிக் கொடுக்கல. அது எனக்கு மறந்தே போயிருந்துச்சு, இந்த புக் தான் ஞாபகப்படுத்துச்சு.

கடைசியில கலவரத்துக்கு நடுவுல அவன் ஒரு வீட்டுக்குள்ள போய்டறான், அங்க நடக்கறத நான் சொல்ல மாட்டேன். சோளிங்கர் தாண்டி அந்தப் பக்கத்தை படிச்சேன், காட்பாடி வர்ற வரைக்கும் பக்கத்துல இருந்த ட்ரெயின் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேசவே முடியல. இறங்கினதும் இப்போ ஆம்பூர்ல இருக்கற பழைய டீம் ஃப்ரெண்டுக்கு போன் போட்டு, அந்த டிசம்பர் ஞாபகம் இருக்காடான்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு “இருக்கு”ன்னான்.