பழைய கெப்பும் புகை டெஸ்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கதைதான். பழைய கெப், புகை டெஸ்டில் ஃபெயில், வருமான அனுமதிப்பத்திரம் முடிய இன்னும் நாலு நாள். இனி எழுதுகிறவர்கள் எஞ்சின் எது, புகை என்ன நிறம், டெஸ்ட் ரிப்போர்ட்டில் என்ன எண் விழுந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நான் ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டும், செலவு உங்களுடையது.

தம்பலகாமத்திலிருந்து: ஹைலக்ஸ், 3எல் எஞ்சின். போன வருஷம் பாஸ், இந்த மார்ச்சில் கறுப்புப் புகை கூடி ஃபெயில். கராஜில் டீசல் பம்பைக் கழற்றி ஓவர்ஹோல் பண்ணச் சொல்கிறார்கள். பண்ணவா?

பண்ண வேண்டாம், இப்போதைக்கு. எயார் ஃபில்டரைத் திறந்து பார்த்தீர்களா? ஊர் தம்பலகாமம், மாதம் மார்ச். பெரும்போக நெல் ஏற்ற வயலுக்குள் இறங்கி, வெட்டு மெஷினுக்குப் பின்னாலேயே நாள் முழுக்க நின்ற வண்டியாகத்தான் இருக்கும். அப்படி வந்த ஒரு கெப்பின் ஃபில்டர் பெட்டியை நான் திறந்தபோது அடியில் இரண்டு கை பதர் கிடந்தது. காகித மடிப்புகளுக்குள் சுணை ஏறி, மடிப்பே தெரியாமல் அட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. எஞ்சின் மூச்சுவிட வழியில்லை, ஆனால் பம்ப் தன் கணக்குக்கு டீசலைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அரைகுறையாக எரிந்த டீசல்தான் கறுப்பாக வெளியே வருகிறது. எயார் அடித்துத் திரும்பப் போடாதீர்கள், காகிதம் கிழிந்தால் தூசி நேரே சிலிண்டருக்குள் போகும். புதிதே போடுங்கள்.

அதற்கும் குறையாவிட்டால், சிலிண்டருக்குள் டீசலைத் தூவுகிற நாலு நோஸிலையும் கழற்றி டெஸ்டரில் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். கைப்பிடியை அழுத்தும்போது நல்ல நோஸில் கிர்ர் என்று அதிர்ந்து பனி மாதிரித் தூவும், விட்டதும் நுனி காய்ந்திருக்கும். கெட்டது சத்தமில்லாமல் கோடாகப் பீச்சும், நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டுத்தான் உங்கள் புகை. இந்தப் பழைய எஞ்சின்களுக்கு நோஸில் திறக்கிற அழுத்தம் சுமார் 120 பார், எஞ்சினைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். நாலும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். முதலில் காற்று, பிறகு நோஸில், பம்ப் கடைசியில்.

ஊர் போடாத ஒருவர்: கெப் புகைக்குது. என்ன மாத்த வேணும்?

என்ன கெப்? என்ன நிறப் புகை? எப்போது? கறுப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. ஐட்லிங்கில் நின்று கிளம்பும்போது மட்டும் ஒரு குப்பென்று நீலம் வந்தால் வால்வ் சீலைச் சந்தேகப்படுங்கள், பாரத்தோடு இழுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். சூடான பிறகும் வெள்ளையாக வந்து கண் எரிந்தால் ரைமிங் அல்லது கம்ப்ரஷன். இதில் உங்களுடையது எது என்று பார்த்து மறுபடி எழுதுங்கள்.

குச்சவெளியிலிருந்து: மீன் ஏற்றுகிற கெப். சைலன்சரில் ஓட்டை என்று டெஸ்டே எடுக்காமல் திருப்பிவிட்டார்கள். புகைக்கும் சைலன்சருக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். மெஷின் அளப்பது குழாய் நுனியில் வருகிற புகையை. நடுவில் ஓட்டை இருந்தால் புகை பாதி அங்கேயே போய்விடும், காற்றும் கலக்கும், எண் பொய்யாக வரும். அவர்கள் திருப்பியது சரி. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் உப்போடு சொட்டுகிற வண்டிக்கு அடிப்பக்கம் சீக்கிரம் அரித்துப் போகும். குழாயை வெல்ட் பண்ணுங்கள், அப்படியே சேஸியையும் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: நிசான், டிடி27 எஞ்சின். டெஸ்டுக்குப் போகிற அன்றைக்கு டாங்கியில் பாதி மண்ணெண்ணெய் கலந்து, பம்பில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் பாஸ் ஆகும் என்கிறார்கள். பாஸான பிறகு பழையபடி கூட்டலாமாம். உண்மையா?

ஒரு நாளைக்குப் புகை குறையலாம். அதனால்தான் இந்த வேலை ஊரில் இன்னும் நடக்கிறது, அதனால்தான் எனக்கு இதைக் கேட்டாலே கோபம் வருகிறது.

முதலில் மண்ணெண்ணெய். உங்கள் பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது. உள்ளே பிளஞ்சர், கேம் பிளேட், ரோலர் எல்லாவற்றுக்கும் வழுக்குக் கொடுப்பது டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழுக்கு இல்லை. இரும்போடு இரும்பு தேயும். தேய்ந்த பம்ப் குளிராக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகும், சூடானதும் ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே நிற்க வேண்டும். மீன்பிடித் துறைகளில் மண்ணெண்ணெய் கைக்கெட்டுவதால் இந்தப் பழக்கம் நம் பக்கம் அதிகம். அதை அவுட்போர்ட் எஞ்சினுக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூவுக்கு சீல் வைத்திருப்பது சும்மா இல்லை, முழு ஆக்ஸிலரேட்டரில் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை பெஞ்சில் அளந்துதான் பூட்டுகிறார்கள். குறைத்தால் வண்டி இழுக்காது. சரி, டெஸ்ட் முடிந்ததும் கூட்டுகிறீர்கள். எவ்வளவு கூட்டுவீர்கள்? காதால் கேட்டுத்தானே? எப்போதும் தேவைக்கு அரைச் சுற்றாவது கூடத்தான் போகும், ஏனென்றால் வண்டி பாய்ந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அதன் பிறகு பாரம் ஏற்றிக் கந்தளாய் பக்கம் இழுக்கும்போது எக்ஸோஸ்ட் கொதிக்கும், பிஸ்டன் தலை வேகும், டீசலும் கூடக் குடிக்கும்.

போன வருஷம் ஒருவர் என்னிடம் இதே வேலைக்கு வந்தார், நான் மாட்டேன் என்றேன். வேறெங்கோ செய்து பாஸாகிவிட்டார். இரண்டு கிழமை கழித்து திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் மோட்டார் சைக்கிளில் நிற்கிறேன், முன்னால் அதே கெப். சிக்னல் விழுந்ததும் மிதித்தார். பின்னால் பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வந்த இரண்டு பிள்ளைகள் அந்தக் கறுப்புக்குள் மறைந்தே போனார்கள். வெளியே வந்தபோது ஒரு பிள்ளை வெள்ளைச் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமிக்கொண்டு நின்றது. அந்த வண்டியில் அன்றைக்கு முறையான சான்றிதழ் இருந்தது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 இலேயே சொல்லிவிட்டது. அதனால் கேட்கிறேன், செய்யாதீர்கள். டிடி27 நல்ல எஞ்சின், ரைமிங் கியரில் ஓடுகிறது, பெல்ட் அறுகிற பயமில்லை. ஃபில்டர் மாற்றி, நோஸில் பார்த்து, வால்வ் இடைவெளி சரிபண்ணினால் பெரும்பாலும் நேர்மையாகவே பாஸ் ஆகும். பம்ப் சீலில் கை வைக்காதீர்கள்.

மூதூரிலிருந்து: எல்200, 4டி56 டர்போ. ரைமிங் பெல்ட் மாற்றிய நாளிலிருந்து புகை, சத்தமும் வேறு மாதிரி.

மாற்றியவரிடமே கொண்டுபோங்கள். இந்த எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றியதும் பம்ப் புல்லி தானாகவே கொஞ்சம் சுழன்று விலகும். அதைப் பிடித்து வைக்காமல் பூட்டினால் ஒரு பல் தவறும். கிராங்கைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி அடையாளங்கள் எல்லாம் நேரே வருகின்றனவா என்று உங்கள் கண்முன்னால் காட்டச் சொல்லுங்கள். அடையாளம் சரியாக இருந்தால் டர்போவிலிருந்து வருகிற ரப்பர் ஹோஸைத் தடவிப் பாருங்கள், வெடிப்பு அடிப்பக்கத்தில்தான் இருக்கும்.

உப்புவெளியிலிருந்து: அப்பாவின் டட்சன் 1200 பெட்ரோல் பிக்கப். ரிப்போர்ட்டில் சிஓ (கார்பன் மொனொக்சைட்), எச்.சி (ஹைட்ரோகார்பன்) இரண்டும் கூட. விற்கச் சொல்கிறார்கள், மனசில்லை.

விற்காதீர்கள் தங்கச்சி. ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியதற்கு நன்றி, பாதி வேலை அங்கேயே முடிந்தது. சிஓ கூட என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: சோக் முழுக்கத் திறக்கிறதா, கார்பரேட்டரில் மிதவை மட்டம் சரியா, எயார் ஃபில்டர் சுத்தமா என்று பாருங்கள். எச்.சி கூட என்றால் எரியாமலே வெளியேறுகிறது: பிளக், பாயிண்ட், பிளக் வயர். பாயிண்ட் இடைவெளி சுமார் 0.5 மில்லிமீட்டர், பிளக் 0.8. முதலில் தீப்பொறியைச் சரிபண்ணிவிட்டு அப்புறம் கார்பரேட்டரைத் தொடச் சொல்லுங்கள். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை காசு கொடுப்பீர்கள்.

சாம்பல்தீவிலிருந்து: சூப்பர் டீசல் அடித்தால் பாஸ் ஆகுமா?

சொட்டுகிற நோஸிலுக்கு எந்த டீசலும் மருந்தில்லை.

நிலாவெளியிலிருந்து: ஒரே வண்டி, காலையில் ஃபெயில், எதுவும் செய்யாமல் அடுத்த நாள் பாஸ். அது எப்படி? டெஸ்டில் அவர்கள் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற மிதியில் எஞ்சின் உடைந்துவிடாதா?

முதல் நாள் எஞ்சின் ஆறியிருந்திருக்கும். நிலாவெளியிலிருந்து பட்டணம் 15 கிலோமீட்டர், நன்றாகச் சூடாகிவிடும், ஆனால் வரிசையில் எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் காத்திருந்தால் எல்லாம் வீண். உங்கள் முறை வர முன் பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வாருங்கள். டவுனுக்குள்ளேயே ஊர்கிற வண்டி என்றால் டெஸ்டுக்கு முந்தின நாள் கந்தளாய் வீதியில் மூன்றாவது கியரில் கொஞ்ச நேரம் இழுத்து ஓட்டுங்கள், குழாயில் படிந்த கரி வெளியேறும்.

மிதிப்பதைப் பற்றி: டீசல் எஞ்சினின் வேகத்தைப் பம்பில் உள்ள கவர்னர் கட்டுப்படுத்தும், நல்ல எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெல்ட் எஞ்சின் என்றால் பெல்ட்டின் வயதைப் பாருங்கள். 1,00,000 கிலோமீட்டர் தாண்டியிருந்தாலோ, முந்திய சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்று தெரியாவிட்டாலோ, அதை மாற்றிவிட்டுத்தான் டெஸ்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒயில் மட்டமும் ரேடியேட்டர் தண்ணீரும் அன்று காலையில் பாருங்கள். எயார் ஃபில்டரையும்.