பீச்சாங்கைப் பிள்ளைங்க: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

மேடம், பையன் யூகேஜி. பென்சில பீச்சாங்கைலதான் பிடிக்கிறான். மிஸ்ஸும் மாமியாரும் கைய மாத்தச் சொல்றாங்க. மாத்தலாமா? (திருமங்கலம்)

மாத்தாதீங்கம்மா. எந்தக் கைங்கிறது செல்லம் குடுத்து வர்றது இல்ல, வயித்துல இருக்கும்போதே முடிவாக ஆரம்பிச்சுடுது, ஸ்கேன்ல பார்த்தா பெரும்பாலான பிள்ளைங்க ஒரு பக்கத்துக் கட்டைவிரலத்தான் அதிகமா சப்பும். உலகத்துல 100 பேருக்கு சுமாரா 10 பேரு இடது கைதான். அமெரிக்காவுல 1900 வாக்குல பொறந்தவங்கள்ல 100க்கு 3, 4 பேருதான் அப்படி, 1950க்கு அப்புறம் பொறந்தவங்கள்ல 10க்கு மேல. பிள்ளைங்க மாறிப்போகல, அடிச்சுத் திருத்துறது குறைஞ்சதும் ஒளிஞ்சு கிடந்தவங்க வெளிய தெரிஞ்சாங்க. மிரட்டி மாத்துன பிள்ளைங்க நோட்டக் கண்டாலே அழுகுறத நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன், மனசு கேக்க மாட்டேங்குது.

மிஸ்கிட்ட போயி பெஞ்சுல இடது ஓரமா உக்கார வைக்கச் சொல்லுங்க, பக்கத்துப் பிள்ளையோட முழங்கை இடிக்காது. நாம இடமிருந்து வலமா எழுதுறதால இவன் கை எழுதுனது மேலயே உரசிட்டுப் போகும், ஒரு வரி முடியுறதுக்குள்ள சுண்டுவிரல் பக்கம் பூரா கரி. அதுக்கு நோட்டோட வலது மேல் மூலை கீழ இறங்குற மாதிரி சாய்ச்சு வச்சு, பென்சில கூர்லருந்து 3 செ.மீ. தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்க, கை வரிக்குக் கீழயே நிக்கும்.

எங்க ரெண்டு பேருக்குமே வலது கை, பொண்ணுக்கு எப்படி இடது? (உசிலம்பட்டி)

இடது கைக்காரங்க பெரும்பாலானவங்களோட அப்பா அம்மா வலது கைக்காரங்கதான். ரெண்டு பேருக்குமே இடதுன்னா கூட ஏறக்குறைய நாலுல ஒரு பிள்ளைக்குத்தான் வரும்.

8 மாசப் பேத்தி எதுக்கெடுத்தாலும் இடது கையத்தான் நீட்டுறா. இவளும் அப்படியா? (மேலூர்)

ஐயா, இத மட்டும் தள்ளிப் போடாதீங்க, குழந்தை டாக்டர்ட்ட காட்டிருங்க. ஒண்ணரை வயசு வரைக்கும் பிள்ளைங்க ரெண்டு கையையும் மாத்தி மாத்தித்தான் நீட்டும். ஒரே கைன்னா இன்னொரு கைல பலம் கம்மியான்னு பார்த்துடணும்.

கோயில்ல எம் பொண்ணு திருநீற இடது கைல வாங்குறா, ஆளாளுக்கு வய்யிறாங்க. (சிம்மக்கல்)

இது நம்மூர்ல மட்டும் இல்ல, கானாவுல இடது கைய நீட்டி வழி காட்டுனாலே மரியாதைக் குறைச்சல், முஸ்லிம் வீடுகள்லயும் சாப்பாடு வலது கைலதான். கால் கழுவுற கைங்கிறதால வந்த பழக்கம். வாங்குறதும் சாப்பிடுறதும் வலது கைல, எழுதுறது இடது கைலன்னு எத்தனையோ பேரு இருக்காங்க, மெதுவாச் சொன்னா பழகிக்கும், வஞ்சு வேணாம். மீனாட்சி கோயில் வெள்ளியம்பலத்துல நடராஜர் வலது கால தூக்கி ஆடுறாரு, மத்த ஊர்ல பெரும்பாலும் இடது கால். ஒத்தக் கால்லயே நின்னா வலிக்குமேன்னு பாண்டிய ராஜா வேண்டிக்கிட்டதால மாத்துனாருன்னு தல புராணம் சொல்லுது. சாமியே கால் மாத்தி ஆடுன ஊருல ஒரு பிள்ளைய இதுக்காக அழ வைக்கணுமா?

தையல் கிளாஸ் போறேன், துணி நேரா வெட்ட வரமாட்டேங்குது. இடது கைக்காரி. (செல்லூர்)

தப்பு உங்க மேல இல்லம்மா, கத்திரி மேல. வலது கைக் கத்திரிய இடது கைல பிடிச்சா பிளேடு ரெண்டும் விலகும், துணி நடுவுல மடிஞ்சு சிக்கிக்கும், சாக்பீஸ் கோட்டையும் மேல் பிளேடு மறைச்சிரும். லெஃப்ட் ஹேண்ட் கத்திரின்னு கேட்டு வாங்குங்க. கடையிலயே துண்டுத் துணி ஒண்ண வெட்டிப் பார்த்துருங்க, சிலதுல பிடிய மட்டும் இடதுக்கு வளைச்சுட்டு பிளேட பழைய மாதிரியே விட்டிருப்பாங்க, அது பிரயோஜனப்படாது.